புலம்பெயர்ந்தோர் எத்தனை பேர்? எண்ணைச் சோதிக்கவும் எண்ணி எடுக்கவும் ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டில் வாழும் இந்தியர் எத்தனை பேர் என்று தேடினால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஐ.நா.வின் 2020 மதிப்பீட்டின்படி சுமார் 1.8 கோடி. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கில் 3 கோடிக்கும் மேல். இரண்டிலும் பிழை இல்லை. முதலாவது, இந்தியாவில் பிறந்து இப்போது வேறு நாட்டில் வசிப்பவர்களை எண்ணுகிறது. இரண்டாவது, இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களையும், பிற நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினரையும் சேர்த்து எண்ணுகிறது. ஈப்போவில் பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறை மலேசியத் தமிழர் இரண்டாவது கணக்கில் வருவார், முதலாவதில் வரமாட்டார்.

புலம்பெயர்வு பற்றிய விவாதங்களில் பாதி இப்படி வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒன்றோடொன்று மோதவிடுவதால் வருகிறது. ஓர் எண் கைக்கு வந்ததும் அதை எப்படிச் சோதிப்பது, எண்ணே இல்லாத இடத்தில் நாமே எப்படிக் கணக்கிடுவது என்பதைச் செய்தியாளர்கள், ஆய்வு மாணவர்கள், களப்பணி அமைப்புகள் ஆகியோருக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

படி 1: இருப்பா, ஓட்டமா, நிகழ்வா?

ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நாட்டில் எத்தனை புலம்பெயர்ந்தோர் இருக்கிறார்கள் என்பது இருப்பு. ஓர் ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள் என்பது ஓட்டம். உலகம் முழுவதற்கும் 2020-இல் 28.1 கோடி, 2024-இல் 30.4 கோடி என்று ஐ.நா. தருவது இருப்பு. இரண்டு இருப்புகளைக் கழித்தால் அந்த இடைவெளியில் நடந்த ஓட்டம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இடையில் இறந்தவர்கள், திரும்பியவர்கள், வந்து மறுபடி வேறெங்கோ போனவர்கள் அந்தக் கழித்தலுக்குள் மறைந்துபோவார்கள்.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது: நிகழ்வுகளின் எண்ணிக்கை. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லைகளில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட சட்டவிரோத எல்லைக் கடப்புகள் பதிவாயின என்று எல்லைக் காவல் முகமையான ஃபிரான்டெக்ஸ் அறிவித்தது. பல செய்திகளில் அது '18 லட்சம் பேர்' ஆகிவிட்டது. அந்த ஆண்டு கடல் வழியாக வந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர்தான். துருக்கியிலிருந்து கிரீஸ் தீவில் இறங்கிய ஒரு சிரியா நாட்டுக்காரர் அங்கே ஒருமுறை பதிவாகிறார். பிறகு ஒன்றியத்தில் சேராத மாசிடோனியா, செர்பியா வழியாக நடந்து ஹங்கேரிக்குள் நுழையும்போது இன்னொரு முறை பதிவாகிறார். ஆள் ஒருவர், கடப்பு இரண்டு. கையில் உள்ள எண்ணின் அலகு 'நபர்', 'கடப்பு', 'விண்ணப்பம்', 'பதிவு' இவற்றில் எது என்பதை முதல் வேலையாக எழுதி வையுங்கள்.

கால அளவையும் அதே வரியில் குறிக்க வேண்டும். ஐ.நா.வின் 1998 பரிந்துரைப்படி, வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு குறைந்தது 12 மாதம் வேறு நாட்டில் வசிக்கப் போகிறவர் நீண்டகாலப் புலம்பெயர்ந்தவர். 3 மாதத்துக்கு மேல், 12 மாதத்துக்குள் என்றால் குறுகியகாலம். சுற்றுலா, உறவினர் வீடு, மருத்துவம், புனிதப் பயணம் ஆகியவை இதில் சேரா. ஒன்பது மாத ஒப்பந்தத்தில் பழம் பறிக்கப் போகிறவர், ஆண்டுதோறும் போய்வந்தாலும், நீண்டகாலக் கணக்கில் ஒருபோதும் தென்படமாட்டார்.

படி 2: யாரைப் 'புலம்பெயர்ந்தவர்' என்று எண்ணியிருக்கிறார்கள்?

பிறந்த நாடு, குடியுரிமை, கடைசியாக வசித்த நாடு என மூன்று அளவுகோல்கள் உண்டு. ஐ.நா. பெரும்பாலான நாடுகளுக்குப் பிறந்த நாட்டைப் பயன்படுத்துகிறது. அந்த விவரம் கிடைக்காத இடங்களில், வளைகுடா நாடுகள் உட்பட, குடியுரிமையை எடுத்துக்கொள்கிறது. ஒரே அட்டவணைக்குள் இரண்டு அளவுகோல்களும் கலந்திருப்பதன் விளைவைப் பாருங்கள். தமிழ்ப் பெற்றோருக்கு நியூ ஜெர்சியில் பிறந்த குழந்தை புலம்பெயர்ந்தவர் கணக்கில் வராது. துபாயில் பிறந்த குழந்தை, பிறந்த ஊரை விட்டு நகராமலே, இந்தியாவிலிருந்து புலம்பெயர்ந்தவராக எண்ணப்படும். அமெரிக்காவையும் அமீரகத்தையும் ஒப்பிட்டு வரைபடம் போடுகிறவர்கள் இந்த அடிக்குறிப்பைத் தவறவிடக் கூடாது.

நம் அருகிலேயே கூர்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வந்து குடியேறியவர்களில் பலர் இலங்கையில் பிறந்து, அதற்கு முன் இந்தியாவையே பார்க்காதவர்கள். பிறந்த நாட்டைக் கேட்டால் அவர்கள் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டவர், குடியுரிமையைக் கேட்டால் இந்தியர், அரசு ஆவணத்தில் 'தாயகம் திரும்பியோர்'. எந்த அட்டவணையில் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு சமூகமே தோன்றும், மறையும்.

ஆட்கள் நகராமல் எல்லைகள் நகர்வதும் உண்டு. 1991-இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளானபோது, ஒரு குடியரசில் பிறந்து இன்னொன்றில் வாழ்ந்த கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் பன்னாட்டுப் புலம்பெயர்ந்தோராக மாறினர். 1980-களையும் 1990-களையும் ஒப்பிடும் எந்த வரைபடத்திலும் தெரியும் திடீர் ஏற்றத்தில் பெரும்பங்கு இதுதான். இந்தியாவுக்குள் இருக்கும் 'வெளிநாட்டில் பிறந்தோர்' எண்ணிக்கை குறைந்துவருவதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு: பிரிவினைக் காலத்தில் வந்த தலைமுறை முதுமையில் மறைந்துவருகிறது.

படி 3: எண் எந்த வாசலில் பிறந்தது?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். புலம்பெயர்வை அளப்பதற்கென்றே உருவான கருவிகள் மிகக் குறைவு. வரி, விசா, சுற்றுலா, காவல் என வேறு எதற்கோ உருவான பதிவிலிருந்து எண்ணைப் பிழிந்து எடுக்கிறார்கள். கருவி எதற்காக உருவானதோ அதற்கேற்ற குருட்டுப்புள்ளி அதற்கு இருக்கும்.

எல்லையில் கேட்பது. பிரிட்டன் 1961-இல் தொடங்கிய பன்னாட்டுப் பயணிகள் கணக்கெடுப்பு சுற்றுலாவையும் பயணச் செலவையும் அளக்க வந்தது. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பயணிகளில் ஒரு மாதிரியை நிறுத்தி, எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் பேரிடம் பேசினாலும் அவர்களில் புலம்பெயர்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான் அகப்படுவார்கள். அந்தச் சிலரைப் பெருக்கித்தான் நாட்டின் மொத்த எண் வந்தது. 2004 மே மாதம் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், அங்கிருந்து வந்தவர்கள் மலிவு விலை விமானங்களில் சிறு நகர விமான நிலையங்களில் இறங்கினார்கள். கேள்வி கேட்பவர்களோ பெரும்பாலும் ஹீத்ரோ, கேட்விக், மான்செஸ்டர் போன்ற பெரிய நிலையங்களில் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தப் பத்தாண்டின் நிகரக் குடியேற்றம் (வந்தோரிலிருந்து போனோரைக் கழித்தது) 3,46,000 குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது தெரிய வந்தது. 2019-இல் இந்தப் புள்ளிவிவரம் 'பரிசோதனை நிலை'க்கு இறக்கப்பட்டது. 2020-க்குப் பிறகு நிர்வாகப் பதிவுகளுக்கு மாறிவிட்டார்கள்.

இதில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. ஒன்று, ஆட்கள் வந்த வாசலில் கேட்பவர் இல்லை. மற்றொன்று, கேட்டது எண்ணத்தை, நடந்ததை அல்ல. ஆறு மாதம் என்று சொல்லி இறங்கியவர் ஆறு ஆண்டு தங்கலாம், தவறேதும் செய்யாமலே.

பதிவேடு. ஜெர்மனியில் குடியிருப்பவர் ஒவ்வொருவரும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, பள்ளி போன்ற பலவற்றுக்கும் அந்தப் பதிவு தேவை என்பதால் வந்தவர்கள் பதிந்துவிடுவார்கள். நாட்டை விட்டுப் போகும்போது பெயரை நீக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, ஆனால் நீக்குவதால் போகிறவருக்குக் கிடைக்கும் பயன் குறைவு. 2011 கணக்கெடுப்பில் ஜெர்மனியின் மக்கள்தொகை நினைத்ததைவிட 15 லட்சம் குறைவு என்று தெரிந்தது. அதில் சுமார் 11 லட்சம் வெளிநாட்டவர். எப்போதோ ஊர் திரும்பியவர்கள் ஏட்டில் மட்டும் ஜெர்மனியில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பிரிட்டன் குறைவாக எண்ணியது, ஜெர்மனி அதிகமாக எண்ணியது. பிரிட்டனில் தவறியது வந்தவர்களை, ஜெர்மனியில் தவறியது போனவர்களை. ஜெர்மனியின் பிழைக்குக் கீழே ஓடும் விதி பல நாடுகளுக்கும் பொருந்தும்: வந்தவரைப் பதிய காரணம் உண்டு, போனவரைப் பதிய யாருக்கும் அக்கறை இல்லை. அமெரிக்கா 1957-லேயே வெளியேறுவோர் புள்ளிவிவரம் சேகரிப்பதை நிறுத்திவிட்டது. இந்தியா 2017 ஜூலை 1 முதல் விமானப் பயணிகளுக்கான புறப்பாட்டு அட்டையைக் கைவிட்டது. நியூசிலாந்து 2018-இல் அதையே செய்தது. எந்த நாட்டின் 'வெளியேறியோர்' எண்ணையும் 'வந்தோர்' எண்ணைவிட ஒரு படி குறைவாகவே நம்புங்கள்.

அனுமதிப் பதிவுகள். பத்தாம் வகுப்பு முடிக்காத இந்தியர்கள் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்டுடன், பட்டியலிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்தப் பதிவுதான் 'வேலைக்குப் போன இந்தியர்' என்று பல செய்திகளில் வருகிறது. பத்தாவது முடித்த வெல்டர், லண்டன் போகும் மாணவி, சிங்கப்பூருக்குப் போகும் கட்டடத் தொழிலாளி, விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்பவர் யாரும் அதில் இல்லை. இலங்கையின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் இதே சிக்கல். பொருளாதாரம் சரிந்த 2022-இல் அங்கே பதிந்து புறப்பட்டவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். மீண்டும் புதிய ஒப்பந்தத்தில் போகிறவர் மீண்டும் பதிவாவார். போரில் தப்பிக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போனவர்களுக்கு இந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. தமிழர் புலம்பெயர்வை எழுத இந்த எண்ணைப் பயன்படுத்துவது அடிப்படையிலேயே தவறு.

படி 4: எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள்

ஒரு நாட்டிலிருந்து போனவர் இன்னொரு நாட்டுக்குள் வந்தவர். ஆகவே ஒரே ஓட்டத்துக்கு இரண்டு எண்கள் இருக்க வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை. 2000-களின் தொடக்கத்தில் போலந்திலிருந்து ஜெர்மனிக்கு ஆண்டுக்கு லட்சம் பேரளவில் வந்ததாக ஜெர்மனி பதிந்தது. போலந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பதியவில்லை. நிரந்தரமாகப் போகிறேன் என்று சொல்லிப் பெயர் நீக்கியவர்களை மட்டும் போலந்து எண்ணியது. வந்து முகவரி பதிந்த எல்லோரையும், சில மாத வேலைக்கு வந்தவர்கள் உட்பட, ஜெர்மனி எண்ணியது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. அனுப்பும் நாட்டின் எண், ஏற்கும் நாட்டின் எண் இரண்டையும் அருகருகே எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் கால அளவு, அளவுகோல், யாரைச் சேர்த்தார்கள் என்ற மூன்றையும் குறியுங்கள். இந்த மூன்றால் விளக்க முடியாத வித்தியாசம் எஞ்சினால் ஏற்கும் நாட்டின் எண்ணை முதன்மையாக எடுத்துக்கொண்டு, அதுவும் பெயர் நீக்காதவர்களால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். வெவ்வேறு பொருள்களின் சராசரிக்குப் பொருளே கிடையாது.

படி 5: நீங்களே வீடு வீடாகக் கேட்பதென்றால்

அனுப்பும் ஊரின் நிலவரத்தை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு இதற்கு முன்மாதிரி. 2015-இல் தமிழ்நாட்டிலும் அதே முறையில் நடந்த கணக்கெடுப்பு சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. கேரள ஆய்வின் பெரும்பலம், அதே கேள்விகளைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது. 2018-இல் 21 லட்சம், 2023-இல் 22 லட்சம் என்று மொத்தம் அசையாமல் நின்றது. உள்ளே பிரித்துப் பார்த்தபோது மாணவர்கள் 1.29 லட்சத்திலிருந்து சுமார் 2.5 லட்சமாகியிருந்தார்கள். அதாவது மற்றவர்கள் ஏறத்தாழக் கூடவே இல்லை. மொத்தத்தை மட்டும் வெளியிட்டிருந்தால் இந்த மாற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.

எத்தனை வீடுகள்? பத்தில் ஒரு வீட்டில் வெளிநாட்டில் ஆள் இருக்கும் என்று கருதி, விடை ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் தவறக் கூடாது, 95 சதவீத நம்பிக்கை வேண்டும் என்றால் 1.96 × 1.96 × 0.1 × 0.9 ÷ 0.0001 = சுமார் 3,460 வீடுகள் (1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான எண், 0.1 ஆள் வெளிநாட்டில் உள்ள பங்கு, 0.9 மீதிப் பங்கு, 0.0001 என்பது 0.01 × 0.01). ஊர் ஊராகக் கொத்தாக எடுப்பதால் அண்டை வீடுகள் ஒன்றுபோல் இருக்கும், ஒருவர் போன தெருவில் பத்துப் பேர் போயிருப்பார்கள். அதற்கு ஈடாக இரண்டால் பெருக்கி 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்த ஊரில் முதலில் எல்லா வீட்டையும் பட்டியலிட வேண்டும். 120 வீடுகளில் 18 வீட்டில் வெளிநாட்டில் ஆள் உண்டு, 102-இல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகையிலும் தலா 9 வீடு எடுத்து விரிவாகக் கேட்டால் போதும். ஆனால் முதல் வகை வீடு ஒவ்வொன்றுக்கும் எடை 2, அதாவது கேட்ட ஒரு வீடு இரண்டு வீடுகளின் சார்பில் நிற்கிறது. இரண்டாம் வகைக்கு 11.33. எடையை மறந்து நேரடியாகச் சதவீதம் போட்டால் பாதி வீடுகளில் ஆள் வெளிநாட்டில் என்று வரும். உண்மை 15 சதவீதம்.

கேள்வியில் தவறுபவை:

பொதுவாக "யாராவது வெளிநாட்டில் இருக்காங்களா?" என்று கேட்டால் வேலைக்குப் போனவரை மட்டும் சொல்வார்கள். படிக்கப் போனவர், கணவரோடு போன மகள், கப்பலில் வேலை செய்பவர், விசிட் விசாவில் போனவர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கப்பல் ஊழியரை வெளிநாட்டில் வசிப்பவராக எண்ணுவதில்லை. தனி வரிசையில் குறித்துவிடுங்கள்.

மணமான மகளைப் பிறந்த வீட்டாரும் சொல்வார்கள், புகுந்த வீட்டாரும் சொல்வார்கள். தனிக்குடித்தனம் போன பிறகு புறப்பட்ட மகனுக்கும் இப்படித்தான். 'புறப்படுவதற்கு முன் கடைசியாக எந்த வீட்டில் வசித்தாரோ அந்த வீட்டில் மட்டும்' என்பதே விதி. களப்பணியாளர் மனப்பாடமாகச் சொல்லும் வரை பயிற்சி கொடுங்கள்.

'துபாய்' என்ற விடை ஷார்ஜாவாகவும் அபுதாபியாகவும் இருக்கலாம். ஊரையும் நாட்டையும் தனியே கேளுங்கள். முதன்முதல் போன ஆண்டு, இப்போதைய நாட்டுக்குப் போன ஆண்டு இரண்டும் தேவை.

விடுமுறைக்கு வந்தவர் திரும்பி வந்தவர் ஆகிவிடுவார். ரம்ஜான், பொங்கல், கோடை விடுமுறை நாட்களில் இந்தத் தவறு கூடும். திரும்பிப் போக டிக்கெட்டோ ரீ-என்ட்ரி விசாவோ இருக்கிறதா என்று கேட்டால் தெளிந்துவிடும்.

விசா நிலையைக் கடைசியில், தேவையிருந்தால் மட்டும் கேளுங்கள். விசா முடிந்தும் அங்கே இருக்கும் மகனைப் பற்றி ஒரு தாய் அந்நியரிடம் சொல்லத் தயங்குவது நியாயமானது. அந்தத் தாள் வெளியே கசிந்தால் பாதிக்கப்படுவது அவர்தான். பெயரையும் விடைகளையும் தனித்தனித் தாளில் வைத்துப் பூட்டுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. குடும்பத்தோடு போய்விட்ட வீட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லை. வளைகுடாவுக்குத் தனியாகப் போகிறவரைப் பிடிக்கும் இந்த வலை, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடும்பமாகப் போகிறவரைத் தவறவிடும். பட்டியலிடும்போதே பூட்டிய வீடுகளைக் குறித்து, அக்கம்பக்கத்தில் இருவரிடமாவது எங்கே போனார்கள், எத்தனை பேர், எந்த ஆண்டு என்று கேட்டுத் தனிக் கணக்காக வையுங்கள். முதன்மை எண்ணோடு கலக்காமல் அருகில் போடுங்கள். வீட்டையே விற்றுவிட்டுப் போனவர்கள் அப்போதும் விடுபடுவார்கள்.

படி 6: யாரையும் கேட்காமல் கழித்துப் பெறுவது

இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையில், முதல் எண்ணோடு பிறப்பைக் கூட்டி இறப்பைக் கழித்தால் எதிர்பார்க்கும் எண் வரும். உண்மையில் எண்ணப்பட்டதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே நிகரப் புலம்பெயர்வு. ஒரு மாவட்டத்தில் 20,00,000 பேர், பத்தாண்டில் பிறப்பு 3,00,000, இறப்பு 1,40,000 என்று கொள்வோம். எதிர்பார்ப்பு 21,60,000. எண்ணியது 21,00,000 என்றால் 60,000 பேர் நிகரமாக வெளியேறியிருக்கிறார்கள்.

இப்போது இதைச் சோதியுங்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக அதன் பின்சரிபார்ப்பு ஆய்வு காட்டியது. நம் மாவட்டத்தின் இரண்டு கணக்கெடுப்புகளிலும் அதே அளவு விடுபட்டிருந்தால் விடை 57,600-க்கு அருகில் வரும், பெரிய பாதகமில்லை. முதலாவதில் யாரும் விடுபடாமல் இரண்டாவதில் மட்டும் 23 பேர் வீதம் விடுபட்டிருந்தால் 60,000 சுருங்கி 10,600 ஆகிவிடும். இந்த முறையில் பிழையின் அளவைவிட, பிழை மாறியதா என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. சென்னைக்குப் போனவரையும் சிட்னிக்குப் போனவரையும் இந்தக் கழித்தல் பிரித்துக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ஆவணமற்றோர் எண்ணிக்கையை மதிப்பிடுவதும் கழித்தல் வழிதான்: வெளிநாட்டில் பிறந்தோர் மொத்தத்திலிருந்து சட்டப்படி இருப்போரைக் கழிப்பார்கள். அங்கும் கணக்கெடுப்பில் விடுபட்டோர் பற்றிய ஊகமே விடையை நகர்த்துகிறது.

அகதிகளும் பணமும்

அகதிகள் விஷயத்தில் 'பதிந்தவர்' வேறு, 'இருப்பவர்' வேறு. ஜோர்டானின் 2015 கணக்கெடுப்பு 12.6 லட்சம் சிரியர்களை எண்ணியது. அப்போது ஐ.நா. அகதிகள் முகமையில் பதிந்திருந்தவர்கள் சுமார் 6.3 லட்சம். போருக்கு முன்பே அங்கே வேலை செய்தவர்களும், பதியாமல் உறவினர் வீட்டில் தங்கியவர்களும் பதிவேட்டுக்கு வெளியே இருந்தார்கள். பள்ளிக்கூடமும் குடிநீரும் திட்டமிட முதல் எண் தேவை, ரேஷன் திட்டமிட இரண்டாவது.

வரும் பணத்தை வைத்து ஆட்களை ஊகிக்க வேண்டாம். உண்டியலில் (வங்கி வழியாகச் செல்லாத தனியார் பணமாற்றில்) அனுப்பியவர் வங்கிக்கு மாறினால், ஓர் ஆள்கூடக் கூடாமலே 'வெளிநாட்டுப் பணம்' உயர்ந்துவிடும். நாட்டுக்கு நாடு எவ்வளவு போகிறது என்ற உலக வங்கி அட்டவணைகள், புலம்பெயர்ந்தோர் இருப்பை உள்ளீடாகக் கொண்டு கணக்கிட்டவை. அதிலிருந்து திரும்ப ஆட்களைக் கணக்கிடுவது ஒரே வட்டத்தில் சுற்றுவது.

வெளியிடும் முன்

எண்ணுக்குப் பக்கத்திலேயே தேதி, அலகு, அளவுகோல், கருவி நான்கையும் ஒரு வரியில் எழுதுங்கள்: '2020 நடுப்பகுதி நிலவரம், நபர்கள், பிறந்த நாட்டின்படி, ஐ.நா. மதிப்பீடு' என்பதுபோல. மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் 22,13,417 என்று எழுதாமல் 22 லட்சம் என்று முழுமையாக்குங்கள். கடைசி இலக்கம் வரை எழுதினால் இல்லாத துல்லியம் இருப்பதாக வாசகர் நம்புவார்.

அண்மை எண்கள் மாறும். நியூசிலாந்து இப்போது எண்ணத்தைக் கேட்காமல் பாஸ்போர்ட் பதிவுகளைப் பின்தொடர்கிறது. அடுத்த 16 மாதங்களில் 12 மாதம் உள்ளே இருந்தாரா என்று பார்த்தே குடியேறியவர் என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒரு மாதத்தின் இறுதி எண் வர 16 மாதம் ஆகும், அதுவரை தற்காலிக எண்தான். பிரிட்டனில் 2023 ஜூன் வரையிலான ஓராண்டின் நிகரக் குடியேற்றம் முதலில் 6,72,000 என்று வந்தது. ஓராண்டு கழித்து 9,06,000 என்று திருத்தப்பட்டது. முதல் எண் தலைப்புச் செய்தியானது, அரசியல் முடிவுகளும் அதன் மேல் எடுக்கப்பட்டன. நீங்கள் பயன்படுத்திய எண் எந்தத் தேதியில் வெளியானது என்பதையும் குறித்துவிட்டு, அடுத்த திருத்தம் வரும் மாதத்தை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். எண் மாறினால் பழைய கட்டுரையின் தலையிலேயே திருத்தத்தைப் போடுங்கள்.